பத்தே முக்கால் மணி நேரம்

ஜூன் 11, 2019 – செவ்வாய் – ஆக்லாந்து

முப்பத்திரண்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து, எத்தனை பிள்ளைகள், எத்தனை கிலோ அரிசி, எத்தனை முட்டை என்று தினமும் எழுதிய கை இது. ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. மகள் வெண்ணிலாவின் பிரசவத்துக்காகப் பிப்ரவரியில் நியூசிலாந்துக்குக் கிளம்பியபோதும் டைரியைத்தான் முதலில் பெட்டியில் வைத்தேன். "ஏம்மா, இங்க வந்தும் ரிஜிஸ்டர் எழுதப் போறியா?" என்று போனில் சிரித்தாள். எழுதாவிட்டால் எனக்கு அந்த நாள் முடிந்த மாதிரியே இருக்காது.

இன்று என் வீட்டுக்காரரை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பிப்ரவரியில் வரும்போது இரண்டு பெட்டியையும் தானே தூக்கிவந்த மனுஷன். மே மாதக் குளிரில் சளி பிடித்தது, நெஞ்சில் இறங்கியது, படம் எடுத்துப் பார்த்தால் நுரையீரல் முழுக்க நார் கட்டியிருக்கிறதாம். இப்போது மூக்கில் குழாய். தோளில் மாட்டுகிற பை அளவுக்கு ஒரு மெஷின், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து டுப் டுப் என்று கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

டாக்டர் வெள்ளைக்காரப் பெண். வெண்ணிலாவிடம் நிறையப் பேசினாள். நடுவில் ஆறு விரலை நீட்டிக் காட்டினாள், பிறகு இன்னும் இரண்டு. வெளியே வந்து என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்கம்மா" என்றாள் வெண்ணிலா. கார் சாவியைக் கைப்பையில் தேடு தேடு என்று தேடினாள். சாவி அவள் கையிலேயே இருந்தது.

ஆறு, எட்டு என்பது மாதமாகத்தான் இருக்கும்.

ஜூன் 14 – வெள்ளி

அவர் நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து பேரனை மடியில் வைத்திருக்கிறார். நாலு மாதக் குழந்தை, குழாயைப் பிடித்து இழுக்கிறது. அவருக்கு அதில் ஒரே சந்தோஷம். "பவளம், இங்கயே இருந்துட்டா என்னா?" என்றார் இன்று.

விளையாட்டுக்குச் சொல்கிறார். லால்குடியில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு யாருக்காவது இங்கே இருக்கத் தோன்றுமா? அவருக்கு ஊர் ஏக்கம், வாய்விட்டுச் சொல்லமாட்டார். வெண்ணிலாவிடம் சொல்லிவிட்டேன், அப்பாவுக்கு ஊருக்குப் போகவேண்டும் என்று. அவள் அழுதாள். போன மாதம் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவருடைய அப்பா இங்கே தவறிப்போய், நாங்களும் போயிருந்தோம். பெட்டி ஒரு திரைக்குப் பின்னால் தானாக நகர்ந்தது. மகன் ஒரு பொத்தானை அழுத்தினான். அவ்வளவுதான், எல்லோருக்கும் காபி கொடுத்தார்கள். அதைப் பற்றி இங்கே எழுதுவானேன்.

ஜூன் 19 – புதன்

மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் தேடிச் சொன்னார். ஆக்லாந்திலிருந்து சிங்கப்பூர் 8,410 கிலோமீட்டர். அங்கிருந்து திருச்சி 2,985. மொத்தம் பதினோராயிரத்து நானூறு.

என் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் டிரைவர். உடனே கணக்குப் போட்டார். "திருச்சி–மெட்ராஸ் முப்பத்தஞ்சு சிங்கிள் டிரிப்பு. எனக்கு ஒரு மாச டூட்டி. இந்தப் பிளேன்காரன் ஒரே நாள்ல போயிருவானா?"

வரும்போது சிங்கப்பூரிலிருந்து ஒன்பதரை மணி நேரத்தில் வந்தோம். போகும்போது பத்தே முக்கால் மணி நேரமாம். அதே ஊர், அதே தூரம், எப்படி ஒன்றேகால் மணி நேரம் கூடும்? "மேல எப்பவும் மேக்கேருந்து கிழக்க காத்தடிக்கும் அத்தை. வரப்ப தள்ளிவிடும். போறப்ப எதுத்து நிக்கும்" என்றார் மாப்பிள்ளை. வீட்டுக்காரர் தலையாட்டினார். "எதிர்க்காத்துன்னா பஸ்ஸே டீசல் குடிக்கும்."

எனக்குப் பேட்டரிக் கணக்குதான் ஓடியது. விமானக் கம்பெனிக்காரர்கள் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். மெஷினோடு வருகிறவர், பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி கொண்டுவர வேண்டும். பத்தே முக்காலுக்குப் பதினாறு மணி நேரம் சொச்சம். ஒரு பேட்டரி மூன்றரை மணி தாங்கும். ஆக ஐந்து வேண்டும், எங்களிடம் மூன்று இருக்கிறது. மாப்பிள்ளை இரண்டு ஆர்டர் போட்டார். இருக்கைக்குக் கீழே ப்ளக் இருக்குமே என்று கேட்டேன். அதில் போனுக்கு ஏற்றலாம், மெஷினுக்கு அந்த மின்சாரம் பத்தாது என்றார்.

நடுவழியில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வார்கள் என்றும் கேட்டேன். ஆஸ்திரேலியாவின் வடக்கு ஓரத்தில் டார்வின் என்று ஓர் ஊராம். அங்கே இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு விமானம் போய்விடுமாம். டார்வின் என்று காலண்டரின் பின்பக்கம் எழுதிவைத்தேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 27 – வியாழன்

டிக்கெட் ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கூடாது. நாங்கள் போவதோ நேர் மேற்கே. வேறு நாள் பார்க்கச் சொன்னேன். "டாக்டர் லெட்டர் அந்தத் தேதிக்குத்தான் அத்தை" என்றார் மாப்பிள்ளை.

அப்படியானால் பரஸ்தானம் வைத்துவிட வேண்டியதுதான். எங்கள் அப்பா காலத்திலிருந்து உண்டு. கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் நல்ல நேரத்தில், கூடக் கொண்டுபோகிற பை ஒன்றை அடுத்த வீட்டில் வைத்துவிடுவோம். அப்போதே பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. வைத்ததை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, போகும்போது வாசலில் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும்.

ஜூலை 4, வியாழன் நல்ல நாள். பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் நல்ல நேரம். "அது திருச்சி நேரமா, ஆக்லாந்து நேரமா?" என்று கேட்டு மாப்பிள்ளையும் மகளும் சிரித்தார்கள். எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊர்ச் சூரியன்தான் என்றேன். சிரிக்கட்டும்.

ஜூலை 3 – புதன்

புதுப் பேட்டரி இரண்டும் சாயங்காலம்தான் வந்தன. பொத்தானை அழுத்தினால் நாலு பச்சைப் பொட்டு எரிய வேண்டும். இரண்டிலும் ஒரே பொட்டு மினுக்கி அணைந்தது. மெஷினுக்குள் செருகி, மெஷினைச் சுவரில் மாட்டினால்தான் ஏறும். ஒன்றுக்கு நாலு மணி நேரம். ராத்திரி போட்டுவிடலாம் என்றிருந்தேன். குழந்தைக்குக் காய்ச்சல், தூக்கி நடந்தே பொழுது போய்விட்டது.

ஜூலை 4 – வியாழன்

வைத்தாயிற்று.

பக்கத்து வீட்டு லட்சுமி கவுண்டர் ஃபிஜித் தீவுக்காரர். கரும்புத் தோட்டத்துக்குப் போன வம்சம். தமிழ் இருபது வார்த்தைதான் தெரியும், ஆனால் தீமிதி பற்றி எனக்கே பாடம் எடுப்பார். பரஸ்தானம் என்றதும் புரிந்துகொண்டார். "சாமிகிட்ட வெக்கறேன்" என்று பையை வாங்கிப் பூஜை அலமாரியில் வைத்துக் குங்குமமும் வைத்தார்.

எந்தப் பை என்றுதான் கொஞ்சம் யோசித்தேன். துணிப் பை வைத்தால் போதும்தான். ஆனால் அவர் உயிர் எதில் இருக்கிறதோ அதல்லவா நல்ல நேரத்தில் கிளம்ப வேண்டும்? மெஷினுக்குள் ஒன்று இருக்கட்டும் என்று விட்டு, மற்ற நாலு பேட்டரியையும் மஞ்சள் துணியில் சுற்றி வைத்தேன். புதுசு இரண்டும் ஏறவில்லை. காலையில் எழுந்ததும் போட்டிருக்கலாம். நேரம் போய்விடும் போலிருந்தது, அப்படியே கொண்டுபோய்விட்டேன். விமான நிலையத்தில் ப்ளக் இல்லாமலா இருக்கும்?

ஜூலை 5 – வெள்ளி

"பேட்டரி எல்லாம் ஃபுல்லாம்மா?" என்று வெண்ணிலா கேட்டாள். ஆச்சு என்றேன்.

ஜூலை 6 – சனி

மத்தியானம் அவர் குளித்துவிட்டு வந்தவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடு நாவல்பழ நிறம். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவி 79 என்றது. தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாது. மெஷினை மூன்றாம் அளவில் வைத்து, முதுகைத் தடவி, அரை மணி நேரம் கழித்துத்தான் 91 வந்தது.

சாஸ்திரமாவது ஒன்றாவது, பையை எடுத்துவந்துவிடுவோம் என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். லட்சுமி வீடு பூட்டியிருந்தது. கதவைத் தட்டினேன், ஜன்னலைத் தட்டினேன். உள்ளே பூஜை அலமாரியின் சின்ன விளக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

"அவங்க சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போயிருக்காங்கம்மா. நாளைக்குக் காலைல வந்துருவாங்க, நீ ஏன் இப்படி வேர்த்துப்போயி நிக்கற?" என்றாள் வெண்ணிலா.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? பயணத்தை நிறுத்திவிடுவார்கள். அடுத்த டாக்டர் லெட்டர், அடுத்த தேதி என்று ஆகும். ஆறு, எட்டு. அது மாதமில்லை என்று எனக்கு ஆஸ்பத்திரியிலேயே தெரியும். டாக்டர் 'வீக்ஸ்' என்றாள். முப்பத்திரண்டு வருஷம் வார அறிக்கை எழுதியவளுக்கு அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை தெரியாதா? நாலு வாரம் இதிலேயே போய்விட்டது.

நடந்ததில் வேர்த்தது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 7 – ஞாயிறு – விமான நிலையம்

லட்சுமி வந்து சேர்ந்தபோது நாங்கள் காரில் ஏறிவிட்டோம். ஓடிவந்து ஜன்னல் வழியாகப் பையைக் கொடுத்தார். கையிலிருந்த திருநீற்றை என் நெற்றியில் வைத்தார்.

வெண்ணிலா அப்பாவைக் கட்டிப்பிடித்தவள் விடவேயில்லை. அவர் பேரனின் உள்ளங்காலில் முத்தம் கொடுத்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "போயிட்டு போன் பண்றேன்" என்றார். அவருக்கு வேறு என்ன சொல்ல வரும்?

விமானக் கம்பெனி கவுண்டரில் இருந்த பெண் பேட்டரிகளை எண்ணினாள். ஐந்து. டாக்டர் கடிதத்தைப் பார்த்தாள், ஒரு சீட்டு ஒட்டினாள். பொத்தானை அழுத்திப் பார்க்கவில்லை. அழுத்திப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

விமானம் ஏறும் வாசலில் ப்ளக்கைக் கண்டுபிடித்து, குனிந்து புதுப் பேட்டரி ஒன்றைச் செருகப்போனேன். சக்கர நாற்காலிக்காரர்களைத்தான் முதலில் ஏற்றுவார்களாம், ஓர் ஆள் வந்து அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். மணி 12.10. காரில் கார் ப்ளக்கிலும் இங்கே அங்கங்கே சுவர் ப்ளக்கிலும் ஓட்டிவந்தோம், அந்த நிமிஷத்திலிருந்துதான் முழுக்கப் பேட்டரியில் ஓடுகிறது.

அதே நாள் – விமானத்தில்

கடிகாரத்தை நான் மாற்றவில்லை. ஆக்லாந்து நேரத்திலேயே எழுதுகிறேன், இல்லாவிட்டால் கணக்குத் தப்பிவிடும்.

1.35. இப்போதுதான் தரையை விட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா நின்றது. எதிரே சின்னத் திரையில் படம். தூரம் 8,410. நேரம் 10 மணி 58 நிமிடம். பத்தே முக்கால் என்றல்லவா சொன்னார்கள்?

மூன்று பேட்டரி, பத்தரை மணி நேரம். 12.10லிருந்து எண்ணினால் ராத்திரி 10.40க்குத் தீர்ந்துவிடும். இறங்கும்போது பன்னிரண்டரை தாண்டிவிடும். இரண்டு மணி நேரம் குறைகிறது. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

2.20. சாப்பாடு வந்தது. அவர் தயிரை மட்டும் சாப்பிட்டார். எனக்கு எதுவும் இறங்கவில்லை.

3.35. முதல் பேட்டரி போய்விட்டது. மெஷின் கீ கீ என்று கத்தியது, முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். மாற்றினேன். பத்து நொடிதான், அதற்குள் அவர் வாய் திறந்து மூச்சு வாங்கினார். புதுசு ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தேன். ஒரு பொட்டு மினுக்கி அணைந்தது. அதை அவர் பார்க்காதபடி துணிக்குள் வைத்தேன்.

4.50. திரையில் எதிர்க்காற்று என்று ஒரு அம்புக்குறி, 150 என்று ஓர் எண். மீதி நேரம் 7.50. கால் மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன், அப்போதும் 7.50. பதினைந்து நிமிஷம் பறந்து ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. எல்லோரும் சினிமா பார்க்கிறார்கள். நான் ஒருத்திதான் இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கத்த வேண்டும் போலிருந்தது.

5.40. கீழே ஆஸ்திரேலியா. செம்மண், ஒரு மரம்கூட இல்லை. "என்னா பவளம், மொகம் பேயடிச்ச மாதிரி இருக்கு?" என்றார். தலைவலி என்றேன்.

7.00. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதைச் செருகினேன். இதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

7.20. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் டுப் டுப் சத்தம் மெல்லிசாகக் கேட்டது. மூன்றில் இருந்த மெஷின் ஒன்றில் இருந்தது. யார் குறைத்தது? அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது. விரலில் மாட்டினேன். 83.

"என்னங்க! யாரு கொறைச்சது இத?"

"நாந்தான்" என்றார் கண்ணைத் திறக்காமல். "நீ அந்த ரெண்டையும் துணியில ஒளிச்சு ஒளிச்சு வக்கிறியே. டேங்கு காலின்னா மெதுவா ஓட்டித்தான் ஊரு போய்ச் சேரணும்."

தனக்குத் தெரியும் என்று அவர் ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் என்ன? மெஷினை மூன்றுக்குத் திருப்பினேன். எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். மஞ்சள் துணி, நல்ல நேரம், வெண்ணிலாவிடம் சொன்ன பொய், பூட்டிய கதவு. சொன்னால் டார்வினில் இறக்கிவிடுவார்கள், சொல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும், நான் என்ன செய்வேன் என்று அழுதேன். பக்கத்து வரிசைக்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அவர் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "முப்பது வருசத்துல எத்தன பேர பாத்துருக்கேன். வண்டில பொக வருதுன்னு தெரிஞ்சும் டிரைவர்கிட்ட சொல்லாம கம்முனு உக்காந்திருப்பாங்க. அவங்க மேலதான் எனக்குக் கோவம் வரும். போய்ச் சொல்லு."

தலைக்கு மேலிருந்த பொத்தானை அழுத்தினேன்.

வந்த பெண்ணின் சட்டையில் ஷாமளா என்று எழுதியிருந்தது. சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளை. என் முகத்தைப் பார்த்ததும் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேட்டரியையும் எடுத்து அழுத்திக் காட்டினேன். "இது என் தப்பு. நான்தான் ஏத்தல. ஏத்திட்டேன்னு பொய் சொன்னேன்" என்றேன்.

"ஆன்ட்டி, ஏன் ஏறுனவுடனே சொல்லல?" என்றவள், அவர் விரலில் இருந்த எண்ணைப் பார்த்து எழுந்து ஓடினாள்.

7.45. பச்சை ஆக்சிஜன் உருளை ஒன்று கொண்டுவந்து முகத்தில் மூடி மாட்டினார்கள். மெஷினை நிறுத்திவைத்தார்கள். அப்படி நாலு உருளை இருக்கிறதாம். கேப்டன் தரையில் இருக்கும் டாக்டரிடம் ரேடியோவில் பேசினாராம். ஷாமளா வந்து சொன்னாள்.

"ஆன்ட்டி, எட்டரை மணி வரைக்கும் பார்ப்பாங்க. அங்கிளுக்குத் தொண்ணூறுக்கு மேல வந்து நின்னா சிங்கப்பூருக்கே போயிடலாம். வரலன்னா டார்வின்ல இறங்கணும். அதுக்கப்புறம் ரொம்ப தூரம் கடல்தான், சட்டுனு இறங்க இடம் கிடையாது."

7.55. 85.

8.05. 86. டார்வின் படத்தில் வந்துவிட்டது. எங்கள் சின்ன விமானம் அதை நோக்கித்தான் போகிறது.

8.12. 88. ஏறியது.

8.18. 87. நான் முருகா என்றேனா, மாரியம்மா என்றேனா, தெரியவில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். விரல் ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தேன். கை குளிர்ந்திருந்தாலும் எண் குறைவாகக் காட்டும் என்று ஆஸ்பத்திரியில் வெண்ணிலா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

8.24. 89.

8.28. 91.

8.30. 91. ஷாமளா இரண்டு நிமிஷம் அங்கேயே நின்று பார்த்தாள். 92. கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு முன்பக்கம் போனாள். நான் இருக்கையில் தலையைச் சாய்த்தேன்.

8.55. டார்வின் பின்னால் போய்விட்டது. கீழே கடல் மட்டும்தான். இனி சட்டென்று இறங்க இடம் கிடையாது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தது.

ஜூலை 8 – திங்கள் – சிங்கப்பூர்

உயிரோடு இறங்கினோம். மூன்று உருளை தீர்ந்தது, பிறகு மூன்றாவது பேட்டரியில் மிச்சம் இருந்ததையும் ஓட்டினோம். விமான நிலையத்து மருத்துவ அறையில் அவரைப் படுக்கவைத்து, விடிய விடியச் சுவரில் மாட்டி ஒவ்வொரு பேட்டரியாக ஏற்றினேன். மூன்று ஏறிவிட்டது. நாலு பொட்டும் எரிகிறதா என்று ஒவ்வொன்றையும் பத்து தடவை அழுத்திப் பார்த்தேன்.

காலையில் வந்த டாக்டர் தமிழர்தான். திருச்சிக்கு நாலு மணி நேரம், இரண்டு பேட்டரியே போதும், எழுதித் தருகிறேன் என்றார். என்னைத் தனியே அழைத்து, "இங்கேயே ஆஸ்பத்திரியில சேர்க்கலாம். உங்க முடிவு" என்றார்.

திருச்சி இன்னும் 2,985 கிலோமீட்டர். நேற்று வரைக்கும் அவரை எப்படியாவது ஊர் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. அந்த 83ஐப் பார்த்த பிறகு, இது யாருக்காக என்று முதல்தடவையாகத் தோன்றியது. அவர் ஒரு நாளும் ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்கவில்லை. இங்கயே இருந்துட்டா என்னா என்றுதான் கேட்டார். எழுதிவைத்திருக்கிறேன், ஜூன் 14.

அவரிடம் போய்க் கேட்டேன். "போவணுமா, இங்கயே பாத்துக்கலாமா? நீங்க சொல்றதுதான்."

"டிக்கெட் எடுத்தாச்சில்ல? போவலாம்" என்றார்.

ஜூலை 9 – செவ்வாய் – லால்குடி

நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தோம். என் தம்பி வாடகைக்குப் பெரிய மெஷின் எடுத்துவந்து தயாராக வைத்திருந்தான், அது சுவர் மின்சாரத்திலேயே ஓடும். வெண்ணிலாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அப்பாகிட்ட குடும்மா" என்றாள்.

இன்று காலை அவருக்குக் கஞ்சி ஊட்டினேன். நாலு ஸ்பூன். முகம் தெளிவாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "பேட்டரில கோட்ட விட்டாலும் கடைசில உங்கள ஊரு கொண்டாந்து சேத்துட்டேன் பாத்தீங்களா?" என்றேன்.

சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், வந்தது. அடங்கும்வரை காத்திருந்தேன்.

"நீயா என்னயக் கொண்டாந்த?"

"பின்ன?"

"டாக்டரம்மா ஆறு வாரம் எட்டு வாரம்னது எனக்கும்தான் புரிஞ்சிச்சு." நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார். "எனக்கென்னா, அங்கயே பேரப்புள்ளைய மடியில வச்சுக்கிட்டுக் கண்ண மூடிருப்பேன். எங்க எரிச்சா என்னா. ஆனா, அதுக்கப்புறம் நீ ஊருக்கு வரணுமே. கைக்கொழந்தைய வுட்டுட்டு வெண்ணிலா வராது. மாப்பிள்ளைக்கு லீவு கெடையாது. நீ ஒத்தையா வரணும்."

நான் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"தண்ணி வேணும்னாக்கூட கேக்கத் தெரியாது ஒனக்கு. நான் இல்லாத பக்கத்து சீட்ட பாத்துக்கிட்டே அவ்வளவு தூரம் எப்படி உக்காந்திருப்ப? அத நெனச்சா எனக்கு அங்க தூக்கமே வரல. அதான், ஒடம்புல கொஞ்சம் தெம்பு இருக்கறப்பவே ஒன்னயக் கொண்டாந்து வுட்டுடலாம்னு வந்தேன்."

கஞ்சி ஆறிவிட்டது, சூடுபண்ணிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போனேன். அங்கே நின்று அழுதேன், சத்தம் வராமல். திரும்பி வந்தபோது அவர் தூங்கிவிட்டிருந்தார்.

இத்தனை நாளும் விமானத்துக்கும் எதிர்க்காற்றுக்கும் பேட்டரிக்கும் டார்வினுக்கும் பயந்துகொண்டிருந்தேன். எல்லாம் முடிந்துவிட்டது. இனி எனக்குப் பயப்பட ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அதற்கு நான் வேறு பெயர் வைத்துக்கொள்ள முடியாது. அவர் இல்லாமல் இந்த வீட்டில் நான் இருக்க வேண்டும். பயமாக இருக்கிறது. அவர் எழுந்ததும் இதைச் சொல்லிவிடப் போகிறேன்.